முறைமைக் கேலியும் அதன் வரம்பும்

நம் குலத்தாரின் திருவிழா, திருமணம், ஈமக்கடன் முதலிய வழக்கங்களைப் பற்றிப் பேசுவார் பலர். முறையுடைய உறவினர் ஒருவரையொருவர் கேலி செய்து மகிழ்ந்த வழக்கத்தைப் பேசுவார் சிலரே. அது சிறுபிள்ளை விளையாட்டென்று தள்ளத்தக்கதன்று. அதனுள் ஒரு நீதி அடங்கியிருந்தது.

பழவேற்காட்டு ஏரிக்கரையிலுள்ள தோணிரேவு முதலிய ஊர்கள் தமிழும் தெலுங்கும் கலக்கும் எல்லையில் உள்ளவை. ரேவு என்பது தெலுங்கில் துறையைக் குறிக்கும் சொல். இக்கரையில் நாம் சிறு பிராயத்தினராயிருந்த காலத்தில், அம்மன் திருவிழா முடியும் நாளன்று மஞ்சள் நீராட்டு நடைபெறும். அத்தை மகளிர் குடத்துடன் கதவின் பின்னே ஒளிந்திருப்பர். மாமன் மகன் தெருவில் தலைகாட்டினால் அவன் வெள்ளை வேட்டி மஞ்சளாகிவிடும். புது மாப்பிள்ளை விருந்துக்கு வந்தால் அவருடைய பாயசத்தில் உப்பு விழும். அவர் திறக்கும் வெற்றிலைப் பெட்டிக்குள் உயிர்நண்டு ஒன்று ஊர்ந்துகொண்டிருக்கும். ஒளித்த செருப்பைக் காசு கொடுத்துத்தான் அவர் மீட்க வேண்டும். பாட்டனார் பேரனைக் கேலி செய்வார், பேரனும் விடான்.

இவற்றுக்கு எழுதாச் சட்டம் மூன்று இருந்தன. முதலாவது ஆள். மச்சான், மைத்துனி, அத்தை மாமன் மக்கள், பாட்டன் பாட்டி ஆகியோரிடம் கேலி செல்லும். சிற்றப்பன் பெரியப்பன் மக்கள் உடன்பிறந்தார் முறையினராதலின் அவர்களிடம் செல்லாது. மாமனார் மருமகளிடையிலும் செல்லாது. இரண்டாவது நாள். துக்க வீட்டிலும், தொழிலுக்குப் போனவர் கரை திரும்பாத வேளையிலும் விளையாட்டு நின்றுவிடும். மூன்றாவது பொருள். வலையையும் துடுப்பையும் தொடலாகாது. ஏரியில் வலை கட்டும் இடத்தை முறை வைத்துப் பங்கிடும் ‘பாடு’ என்னும் ஏற்பாடு இக்கரையில் நெடுங்காலமாக உண்டு. துடுப்பு காணாமற்போனால் ஒரு குடும்பத்தின் முறைநாள் வீணாகும். செருப்பை ஒளித்த சிறுவனைக் கண்டு சிரித்த பெரியோர், துடுப்பை ஒளித்தவனைப் புளிய மிளாறால் அடித்தனர்.

இவ்வழக்கம் நமக்கே உரியதென்று எண்ணற்க. ராட்கிளிஃப் பிரவுன் என்னும் ஆங்கில மானிடவியலார் 1940-ல் இதனை ஆராய்ந்து கட்டுரை வரைந்தார். ஒருவர் கேலி செய்வதும் மற்றவர் சினங்கொள்ளாதிருப்பதும் இதன் இலக்கணமென்றும், மணத்தால் இணைந்த இரு குடும்பங்களிடையே எழக்கூடிய பகையை இது சிரிப்பால் தணிக்கிறதென்றும் அவர் விளக்கினார். ஆப்பிரிக்காவிலுள்ள நைஜர் நாட்டின் கேலி உறவு வழக்கத்தை 2014-ல் யுனெஸ்கோ உலகப் பண்பாட்டு மரபுப் பட்டியலிற் சேர்த்தது.

இங்கோ அது தேய்ந்து வருகிறது. திருமணம் மண்டபத்தில் ஒரு பொழுதில் முடிகிறது. நெருங்கிய இரத்த உறவில் மணம் வேண்டாவென்று மருத்துவர் கூறுவதை நம்மவர் ஏற்று வருவது நன்றே. ஆயினும் பிழைப்பு நாடிக் குடும்பங்கள் எண்ணூருக்கும் சென்னைக்கும் பிரிந்தபின், யார் எவருக்கு என்ன முறை என்பதே பிள்ளைகள் பலருக்குத் தெரியவில்லை. முறை மறந்து கேலி மட்டும் நின்றால் அது கொடுமையாகும். பகடி என்னும் இனிய சொல்லோடு வதை சேர்ந்து ‘பகடிவதை’ பிறந்தது. தமிழ்நாட்டில் கல்வி நிலையங்களில் அதனைத் தடுக்க 1997-லும், பெண்களைக் கேலி செய்து துன்புறுத்துவதைத் தடுக்க 1998-லும் சட்டங்கள் இயற்ற வேண்டியதாயிற்று.

பழமை முழுதும் குற்றமற்றதென்றும் நாம் சாதிக்கவில்லை. முறை இருந்தது என்பதற்காகவே மனம் நொந்தும் வாய்திறவாதிருந்த பெண்கள் அக்காலத்திலும் உண்டு. ஆதலின் அம்மூன்று வரம்போடு நான்காவதொன்றும் சேர்த்தல் வேண்டும். கேலிக்கு உள்ளானவரும் மனமாரச் சிரிக்க வேண்டும். அவர் சிரியாராயின் அது கேலியன்று.

சங்கத்து அன்பர்களும் தாய்மாரும் தத்தம் இல்லத்து முதியோரைக் கேட்டு, குடும்பத்தின் உறவுமுறைகளையும் அவர்கள் கண்ட விளையாட்டுகளையும் ஒரு குறிப்பேட்டில் எழுதிவைப்பாராக. வெற்றிலைப் பெட்டியில் நண்டு வைப்பதா வேண்டாமா என்பதைப் பிள்ளைகள் தீர்மானிக்கட்டும்; யாருடைய பெட்டியில் வைக்கலாகாது என்பதை நாம் சொல்லித்தருதல் கடமையாம்.