புட் அப் வித்: மூணு குட்டி வார்த்தைகளின் கதை

'புட்' தெரியும். 'அப்' தெரியும். 'வித்' ஒண்ணாங்கிளாஸ்லயே தெரியும். ஆனா மூணையும் சேர்த்து 'புட் அப் வித்'னு ஒரு வெள்ளைக்காரன் சொன்னா நம்மாளு முழிப்பான். 'டாலரேட்'னு சொல்லியிருந்தா பட்டுனு புரிஞ்சிருக்கும். ரெண்டுக்கும் அர்த்தம் ஒண்ணுதான், பொறுத்துக்கொள்வது. அதே மாதிரி 'போஸ்ட்போன்' நமக்குத் தண்ணி பட்ட பாடு, 'புட் ஆஃப்' உதைக்கும். 'லுக்' இருக்கே, அது இன்னும் மோசம். பின்னாடி 'ஆஃப்டர்' வந்தா பராமரிப்பு, 'டவுன் ஆன்' வந்தா இளக்காரம், 'அப் டு' வந்தா மரியாதை. பார்வை என்னவோ ஒண்ணுதான்!

இதற்கு ஆங்கிலத்தில் ஃப்ரேசல் வெர்ப் என்று பெயர். இங்கிலாந்தில் பிறந்த மூணு வயசுக் குழந்தை இதை அனாயாசமாகப் பேசும். எம்.ஏ. படித்த நம்மவர் தடுமாறுவார். இந்தத் தலைகீழ் கணக்குக்குப் பின்னால் ஆயிரம் வருஷக் கதை இருக்கிறது.

பழைய ஆங்கிலத்தில் இந்த மாதிரி ஒட்டுச் சொற்கள் பல, வினைக்கு முன்னாடி ஒட்டிக்கொண்டிருந்தன. 'அன்டர்ஸ்டாண்ட்', 'ஃபர்கிவ்' எல்லாம் அந்தக் காலத்து மிச்சம். ஒன்பதாம் நூற்றாண்டில் டென்மார்க், நார்வே பக்கமிருந்து வந்த வைக்கிங்குகள் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறினார்கள். அவர்கள் மொழியில் முன்னொட்டுகள் ஏற்கெனவே தேய்ந்துபோய், குட்டிச் சொல் வினைக்குப் பின்னால் வரும் பழக்கம் வந்திருந்தது. ஆங்கிலத்தில் இது பெருகியதற்கு அவர்கள் எவ்வளவு தூரம் காரணம் என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் சண்டைதான். ஆனால் 'டேக்', 'கெட்' ரெண்டும் வைக்கிங் சரக்கு என்பதில் சண்டை இல்லை. அந்த ரெண்டும் இல்லாமல் இன்றைக்கு எத்தனை ஃப்ரேசல் வெர்ப் மிஞ்சும் என்று யோசித்துப் பாருங்கள்.

வைக்கிங்குகள் குடியேறிய பகுதியில் பீட்டர்பரோ என்று ஒரு மடம். அங்கே துறவிகள் எழுதி வைத்த ஆண்டுக் குறிப்பில் 1132-ம் வருஷத்துச் செய்தி ஒன்று வருகிறது. ஹென்றி என்ற மடாதிபதி, ராஜாவின் கட்டாயத்தால் பதவியை விட்டுப் போக வேண்டியதாயிற்று. அதைச் சொல்ல அவர்கள் எழுதியது, இன்றைக்கு நாம் 'கிவ் அப்' என்கிறோமே, அதேதான். எழுத்துக்கூட்டல்தான் வேறு.

இதற்கு நடுவில் 1066-ல் நார்மன்கள் வந்துவிட்டார்கள். அரண்மனையில் பிரெஞ்சு, கோயிலில் லத்தீன், வயக்காட்டிலும் அடுப்படியிலும் ஆங்கிலம். பிற்பாடு பிரெஞ்சு, லத்தீன் வார்த்தைகள் மூட்டை மூட்டையாக ஆங்கிலத்துக்குள் இறங்கின. 'சரண்டர்', 'எக்ஸ்டிங்குவிஷ்', 'டாலரேட்' எல்லாம் அந்த வழியில் வந்தவை. அவை மேல்மாடி, 'கிவ் அப்', 'புட் அவுட்' கீழ்வீடு. நமக்கு ஆங்கிலம் வந்தது கலெக்டர் ஆபீஸ் கடுதாசி வழியாகவும் கோர்ட்டு வழியாகவும் பாடப்புத்தகம் வழியாகவும். மேல்மாடிக்கு நேரா ஏணி வைத்து ஏற்றிவிட்டார்கள். கீழ்வீட்டுக்குள் நாம் நுழையவே இல்லை.

இந்தக் கஷ்டத்தை முதலில் தெளிவாகச் சொன்ன பெரிய மனுஷர்களில் ஒருவர் சாமுவேல் ஜான்சன். லண்டன் கஃப் சதுக்கத்து வீட்டில் ஒரு சில உதவியாளர்களை வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் உழைத்து, 1755-ல் தன் அகராதியை வெளியிட்டார். சுமார் 42,000 சொற்கள். 'டேக்' என்ற ஒரே வினைக்கு மட்டும் 134 அர்த்தம் பிரித்தார் என்றால் மனுஷர் என்ன பாடு பட்டிருப்பார்! முன்னுரையில் இந்த வினை விவகாரத்தைத் தனியாக எடுத்துப் பேசுகிறார். வெளிநாட்டுக்காரர்களுக்கு ஆங்கிலத்தில் மிகப் பெரிய இடைஞ்சல் இதுதான், தனித்தனிச் சொல்லின் அர்த்தத்திலிருந்து கூட்டின் அர்த்தம் எங்கேயோ ஓடிவிடுகிறது, எந்தப் புத்திசாலியாலும் அது போன வழியைக் கண்டுபிடிக்க முடியாது என்பது சாராம்சம். அதனால்தான் மெனக்கெட்டு இவற்றைச் சேகரித்தேன் என்கிறார். பத்துப் பதினொரு உதாரணமும் தருகிறார். அதில் ஒன்று 'டேக் ஆஃப்'. அதற்கு அவர் தந்த அர்த்தம் நகலெடுப்பது. ஏரோப்ளேன் கிளம்பும் என்று பாவம் அவருக்கு எப்படித் தெரியும்? :-)

வேடிக்கை என்னவென்றால், அதற்குப் பிறகு 170 வருஷம் கழித்துத்தான் 'ஃப்ரேசல் வெர்ப்' என்ற பெயரே அச்சில் வருகிறது. 1925-ல் லோகன் பியர்சல் ஸ்மித் தன் புத்தகத்தில் அதைப் பயன்படுத்தினார். பெயர் வைத்தது நான் இல்லை, ஆக்ஸ்ஃபோர்டு அகராதி ஆசிரியர் ஹென்றி பிராட்லி சொன்னது என்று நேர்மையாக எழுதியும் வைத்தார். பிராட்லி 1923-லேயே காலமாகிவிட்டார்.

எனக்கு ரொம்பப் பிடித்த கட்டம் இதற்கு அடுத்துதான் வருகிறது. 1930-ல் சார்ல்ஸ் ஆக்டன் என்ற ஆங்கிலேயர் 'பேசிக் இங்கிலீஷ்' என்று ஒன்றைக் கொண்டுவந்தார். உலகத்தில் யார் வேண்டுமானாலும் சட்டென்று கற்றுக்கொள்ள மொத்தமே 850 சொற்கள். அதில் வினைகள் எத்தனை? வெறும் 18! கம், கெட், கிவ், கோ, புட், டேக்... இப்படி. மிச்ச வினைகளுக்கு என்ன வழி? 'புட்' கூட 'அப்', 'இன்', 'அவுட்' சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான். அதாவது, ஜான்சன் எதை வெளிநாட்டுக்காரனின் தலைவலி என்றாரோ, அதையே வெளிநாட்டுக்காரனுக்கு மருந்தாகக் கொடுத்தார் ஆக்டன். அவருக்கு அது தாய்மொழி. 'சரண்டர்' கஷ்டமாகவும் 'கிவ் அப்' சுலபமாகவும்தான் தெரிந்திருக்கும். 850 என்பது பட்டியலின் நீளம். படிக்கிறவன் மண்டையில் ஏற்ற வேண்டிய அர்த்தங்களோ ஆயிரக்கணக்கு. டாக்காவில் பல வருஷம் ஆங்கிலம் கற்பித்த மைக்கேல் வெஸ்ட் இந்தத் திட்டத்தைக் கடுமையாக விமர்சித்தார். வகுப்பறையில் நின்றவருக்குத்தானே தெரியும்.

ஆனாலும் பெரிய இடத்தில் வரவேற்பு இருந்தது. 1943-ல் ஹார்வர்டில் பேசிய சர்ச்சில் இதை ஆதரித்தார். ரூஸ்வெல்ட்டோ நக்கல் அடித்தார். 1940-ல் சர்ச்சில் மக்களுக்குத் தருவதாகச் சொன்ன ரத்தம், உழைப்பு, கண்ணீர், வியர்வை எல்லாம் பேசிக் இங்கிலீஷில் ரத்தம், வேலை, கண் தண்ணி, முகத் தண்ணி என்றுதானே வரும் என்று கேட்டார். (நமக்கு அதில் என்ன சிரிப்பு? கண் + நீர் = கண்ணீர். நம்ம பாட்டன் முப்பாட்டன் வைத்த பேரே அதுதான்.) 1946-ல் பிரிட்டிஷ் அரசு 23,000 பவுண்டு கொடுத்து ஆக்டனிடமிருந்து உரிமையை வாங்கிக்கொண்டது. அதோடு அந்தத் திட்டம் மெள்ளப் படுத்துவிட்டது.

இவ்வளவு சொல்லிவிட்டு நம்ம வீட்டைப் பார்க்காமல் விடக்கூடாது. 'போட்டுக் கொடுத்தான்' என்கிறோம். எதைப் போட்டான், யாருக்குக் கொடுத்தான்? 'கழட்டி விட்டான்', 'போட்டுத் தள்ளினான்', 'கண்டுக்கவே இல்லை'... அகராதியைக் கையில் வைத்துக்கொண்டு தமிழ் படிக்கிற வெள்ளைக்காரன் இதில் தலையைப் பிய்த்துக்கொள்வான். 'டிரிங்க் அப்'பில் மேலே போவது எதுவும் இல்லை. 'குடிச்சு விடு'வில் கையை விட்டு விடுவதும் எதுவும் இல்லை. ரெண்டுமே முழுசா முடி என்பதுதான்.

இன்னொரு கூத்தும் உண்டு. படித்தவனைப் படுத்தி எடுக்கிற இதே சரக்கு, படிக்காதவன் வாயில் சர்வசாதாரணமாகப் புழங்குகிறது. பில்டப், செட்டப், கெட்டப், மேக்கப், செக்கப், லாக்கப், கட்-அவுட். ஆங்கிலத்தில் 'பிக்' ஒரு பக்கம், 'அப்' ஒரு பக்கம் நிற்கும். நடுவில் ஆளை வேறு உட்கார வைப்பார்கள். எங்கே பிரிப்பது, எங்கே சேர்ப்பது என்று அதற்குத் தனி இலக்கணம். நம்மாளு அந்த வம்பே வேண்டாம் என்று ரெண்டையும் சேர்த்து ஒரே பெயர்ச்சொல்லாக்கி, வாலில் நம்ம வினையை மாட்டிவிட்டான். பிக்கப் பண்ணு, செட்டப் பண்ணு, பில்டப் குடு. கோடம்பாக்கத்தில் டைரக்டர் 'பேக்கப்'னு ஒரு குரல் கொடுத்தால் போதும், லைட்மேன் முதல் ஹீரோ வரைக்கும் வண்டியைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள்.