தர்மராஜ் சேரலாதன்

தர்மராஜ் சேரலாதன் (பிறப்பு: 21 ஏப்ரல் 1975) தமிழகத்தைச் சேர்ந்த கபடி வீரர், பயிற்சியாளர். வலது கார்னரில் நின்று ஆடிய தடுப்பாட்டக்காரர். 2016இல் இந்திய அணியில் ஆடி உலகக் கோப்பையையும், பாட்னா பைரேட்ஸ் கேப்டனாகப் புரோ கபடி லீக் பட்டத்தையும் வென்றார். அப்போது அவருக்கு வயது 41.

தொடக்கம்

தஞ்சாவூர் மாவட்டம் திருச்சனம்பூண்டி இவரது சொந்த ஊர். 2014இல் புரோ கபடி லீக் தொடங்கியபோது இவருக்கு 39 வயது; பெரும்பாலோர் ஆட்டத்தை விட்டு விலகிவிடும் பருவம் அது. லீக்கில் முதலில் பெங்களூரு புல்ஸ் அணிக்கு ஆடினார். அந்த அணி 2015 இறுதிப் போட்டியில் யு மும்பாவிடம் தோற்றது.

உச்சம்

நான்காம் சீசனில் பாட்னாவின் கேப்டனானார். 2016 ஜூலை 31 அன்று ஐதராபாத்தில் நடந்த இறுதிப் போட்டியில் ஜெய்ப்பூர் பிங்க் பாந்தர்ஸை 37–29 என வென்று பாட்னா பட்டத்தைத் தக்கவைத்தது. அதே ஆண்டு அக்டோபரில் அகமதாபாத்தில் உலகக் கோப்பை நடந்தது. முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 32–34 எனத் தோற்ற இந்தியா, மீண்டெழுந்து இறுதியில் ஈரானை 38–29 என வீழ்த்தியது.

ஆட்டமுறை

பாடி வருபவரின் கணுக்காலைப் பற்றி இழுப்பது கார்னர் வீரரின் தலையாய வேலை. கார்னர் வீரர் ஒரு நொடி முந்திப் பாய்ந்தால் பாடி வருபவர் தொட்டுவிட்டு ஓடிவிடுவார்; பிந்தினால் கோட்டைத் தாண்டிவிடுவார். வேகத்தைவிடக் கணிப்பு பெரிதாகும் இந்த இடத்தில், அனுபவமே இவரது பலமானது. சக வீரர்கள் இவரை ‘அண்ணா’ என்றே அழைத்தனர்.

பிற்காலம்

பின்னர் புனேரி பல்டன், யு மும்பா அணிகளில் ஆடினார். 2019இல் ஹரியானா ஸ்டீலர்ஸுக்குக் கேப்டனாக இருந்தார். எட்டாம் சீசனில் 46 வயதில் ஜெய்ப்பூர் அணியில் இடம்பெற்றார். 2024இல் பதினோராம் சீசனுக்குத் தமிழ் தலைவாஸ் இவரை வியூகப் பயிற்சியாளராக அமர்த்தியது. அந்த சீசனில் உதயகுமார் தலைமைப் பயிற்சியாளராக இருந்தார்.

முக்கியத்துவம்

லீக் வருமுன்பே ஆடிப் பழகிய தலைமுறைக்கும், தொலைக்காட்சி வெளிச்சத்தில் வளர்ந்த தலைமுறைக்கும் பொதுவான வீரர் இவர். உடலைப் பேணி, ஆட்டத்தைக் கூர்ந்து படிப்பவருக்கு நாற்பதுக்குப் பிறகும் களத்தில் இடமுண்டு என்பதற்கு 2016ஆம் ஆண்டின் இரு கோப்பைகளே உறுதியான சான்று.