பழைய பெட்டியா, புதிய பெட்டியா? அடியைப் பிடித்துவைக்கும் இயந்திரங்களின் கதை



பீட் போடும் பிள்ளைகள் நம் திருவண்ணாமலையிலும் பெருகிவிட்டார்கள். என்னிடம் படித்தவர்களிலேயே சிலர் உண்டு. அவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "சார், பழைய சாம்ப்ளர் வாங்கலாமா, புதுசு வாங்கலாமா?" நான் இசைக்காரன் இல்லை, இயற்பியல் வாத்தியார். ஆனால் இந்தக் கேள்விக்குள் நல்லதொரு வரலாறு இருக்கிறது. பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் சாம்ப்ளர் என்றால் என்ன? அது தானாக எந்த ஒலியையும் உருவாக்காது. வெளியிலிருந்து வரும் ஒலியை, ஒரு நொடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து எண்களாக மாற்றி நினைவகத்தில் வைத்துக்கொள்ளும். பட்டனைத் தட்டினால் அந்த எண்களைத் திரும்ப ஒலியாக்கும். அவ்வளவுதான். காலிப் பாத்திரம் போன்றது. நாம் எதை ஊற்றுகிறோமோ அதுதான் வெளியே வரும்.

1979-இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் பீட்டர் வோகல், கிம் ரைரி என்ற இருவர் ஃபேர்லைட் என்ற கருவியை வெளியிட்டார்கள். ரேடியோவில் வந்த ஒரு பியானோ துணுக்கைப் பிடித்து, அதைப் பல சுருதிகளில் வாசித்துப் பார்த்துத்தான் வோகல் இந்த வழியைக் கண்டடைந்தார். அதன் விலைக்கு ஒரு வீடே வாங்கலாம். பெரிய நட்சத்திரங்கள்தான் வாங்க முடிந்தது.

அடுத்த ஆண்டு, 1980-இல், அமெரிக்காவில் ரோஜர் லின் என்பவர் எல்எம்-1 என்ற டிரம் மெஷினைக் கொண்டுவந்தார். அசல் டிரம்ஸ் ஒலிகளைப் பதிந்துவைத்து வாசித்த முதல் டிரம் மெஷின் அதுதான். அதில் கிராஷ் சிம்பல் கிடையாது. காரணம் எளிது. சிம்பல் ஒலி நீண்ட நேரம் அதிர்ந்து அடங்கும். அத்தனை நேரத்தைப் பதிந்துவைக்கும் நினைவகச் சில்லுக்கு அன்று அவ்வளவு விலை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இனி இன்றைய பிள்ளைகள் கனவு காணும் பழைய பெட்டிக்கு வருவோம். 1987-இல் இமு நிறுவனம் வெளியிட்ட எஸ்பி-1200. அதன் கணக்கைப் பாருங்கள். நொடிக்கு சுமார் 26,000 அளவீடுகள். ஒவ்வோர் அளவீடும் 12 பிட், அதாவது 4,096 படிகள். இன்று சாதாரணமாகப் புழங்கும் 16 பிட்டில் 65,536 படிகள். அதன் மொத்த நினைவகம் 10 நொடி. ஒரே துணுக்கு 2.5 நொடிக்கு மேல் போகக்கூடாது.

2.5 நொடியில் என்ன செய்ய முடியும்? பிள்ளைகள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். 33 சுற்றில் ஓடவேண்டிய இசைத்தட்டை 45 சுற்றில் ஓடவிட்டுப் பதிந்தார்கள். பிறகு பெட்டிக்குள் சுருதியை இறக்கி, பழைய வேகத்துக்குக் கொண்டுவந்தார்கள். 45-ஐ (துல்லியமாகச் சொன்னால்) 33⅓-ஆல் வகுத்தால் 1.35. ஆக, 2.5 நொடி இடத்தில் 3.4 நொடிப் பாட்டு அடங்கியது! ஆனால் சுருதியை இறக்கும்போது எண்களுக்கு நடுவே இடைவெளி விழும். அந்தப் பெட்டி அதே எண்ணையே திரும்பப் போட்டு இடைவெளியை நிரப்பும். அதனால் ஒலியில் ஒரு கரகரப்பு ஏறியது. இன்று "விண்டேஜ் சவுண்ட்" என்று உருகிப் பேசுகிறார்களே, அதில் பெரும்பங்கு இந்தக் கரகரப்புதான். யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல. இடம் போதாமல் பிறந்தது.

இந்தப் பெட்டி யார் கையில் புகழ்பெற்றது என்பதும் முக்கியம். 1975-இல் நியூயார்க் நகராட்சி திவாலாகும் நிலைக்குப் போனது. பள்ளிகளில் இசை வகுப்புகள் வெட்டப்பட்டன. பிராங்க்ஸ் பகுதிக் கறுப்பினப் பிள்ளைகளுக்கும் ஹிஸ்பானியப் பிள்ளைகளுக்கும் வாத்தியம் கிடைக்கவில்லை. வீட்டில் இசைத்தட்டு இருந்தது. பாட்டின் நடுவே பாடகர் நிறுத்த, டிரம்ஸ் மட்டும் தனியே ஒலிக்கும் இடத்தைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு ஆடினார்கள், பாடினார்கள். சாம்ப்ளர் வந்ததும் அந்த இடத்தையே வெட்டியெடுத்து, அடி அடியாகப் பிரித்துப் புதிதாகக் கோத்தார்கள். வகுப்பறையை மூடினாலும் கற்கும் ஆசையை மூட முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் நான் பார்த்ததில்லை.

1988-இல் அதே ரோஜர் லின், ஜப்பானின் அகாய் நிறுவனத்துக்காக எம்பிசி-60 என்ற பெட்டியை வடிவமைத்தார். நான்குக்கு நான்காகப் பதினாறு ரப்பர் பேடுகள். இன்றுவரை பல பீட் பெட்டிகள் இந்த அமைப்பைத்தான் பின்பற்றுகின்றன. அதில் "ஸ்விங்" என்ற வசதி உண்டு. இரண்டு அடிகளில் இரண்டாவதைச் சற்றுத் தாமதமாக்கும். 50 விழுக்காடு வைத்தால் நேர்நடை. 66 வைத்தால் நம் திஸ்ர நடையின் சாயல் வந்துவிடும். நம் வாத்தியக்காரர்கள் கையில் இயல்பாக இருப்பதை அவர் எண்ணாக மாற்றினார்.

சரி, இங்கே தமிழ்நாட்டில் என்ன நடந்தது?

1986-இல் வந்த 'புன்னகை மன்னன்' படத்திலேயே இளையராஜா கணினி வழி இசைக்கோவையைப் பயன்படுத்திவிட்டார். 1989-இல் ஏ.ஆர்.ரஹ்மான் தன் வீட்டிலேயே பஞ்சதன் ஒலிப்பதிவுக்கூடத்தை அமைத்தார். தந்தை ஆர்.கே.சேகர் மறைந்தபின் அவருடைய வாத்தியங்களை வாடகைக்கு விட்டுப் பிழைத்த குடும்பம் அது. கருவி வாங்கப் பணம் இல்லாதபோது தாயார் தம் நகைகளைக் கொடுத்ததை ரஹ்மானே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 1992-இல் 'ரோஜா' வந்தது. அன்று நம் டீக்கடை ரேடியோக்களில் கேட்ட அந்தத் துல்லியமான ஒலி, எல்லா வாத்தியக்காரர்களையும் ஒரே கூடத்தில் உட்காரவைத்து ஒரே மூச்சில் பதிந்தது அல்ல. கருவிகளோடு தனியாக உட்கார்ந்து, அடுக்கடுக்காகச் சேர்த்துக் கட்டியது.

ஆனால் நம் ஊர்த் திருவிழா மேடைக்கு வந்தது ஃபேர்லைட்டும் அல்ல, எம்பிசியும் அல்ல. வந்தது "பேட்". ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1985-இல் முதல் ஆக்டோபேடை வெளியிட்டது. எட்டு ரப்பர் பேடு, குச்சியால் அடிக்க வேண்டும். அதற்குள் சொந்த ஒலி எதுவும் இல்லை. வேறொரு கருவியோடு இணைத்தால்தான் பேசும். 1998-இல் வந்த எஸ்பிடி-20 தான் நம் மெல்லிசைக் குழுக்களின் செல்லப்பிள்ளை. அதே எட்டுப் பேடு, உள்ளே 700 ஒலிகள். டிரம்ஸ், காங்கோ, தபலா என்று ஒரு வண்டி நிறைய ஏற்றிவர வேண்டியதை ஒரே ஸ்டாண்டில் வைத்து ஒருவரே வாசித்தார். செங்கம், போளூர், கலசபாக்கம் பக்கத்துக் கச்சேரிகளில் பேட் வாசிப்பவரைச் சுற்றிச் சிறுவர்கள் கூடி நின்றதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். இந்தியாவில் அதற்கு இருக்கும் மவுசைப் பார்த்து, அண்மையில் அதே பெயரில் புதிய மாடலையே ரோலண்ட் வெளியிட்டிருக்கிறது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த 700 ஒலிகளும் தொழிற்சாலையில் நிரப்பியவை. வாங்குபவர் புதிதாக ஒன்றைச் சேர்க்க முடியாது. நம் பம்பையை அதில் தேடினால் கிடைக்காது. கைதேர்ந்த பேட் கலைஞர்கள் வேறொரு தோல்கருவியின் சுருதியை ஏற்றி இறக்கிப் பம்பை போலத் தோன்றச் செய்தார்கள். அவர்கள் திறமைக்கு வணக்கம். இருந்தாலும் அது பம்பை இல்லை.

2003-இல் வந்த எஸ்பிடி-எஸ் இதை மாற்றியது. மைக்கை வைத்து நாமே பதிந்து, குச்சியால் வாசிக்கலாம். 2011-இல் அறிமுகமான எஸ்பிடி-எஸ்எக்ஸ் 2 ஜிபி நினைவகத்தோடு வந்தது. மணிக்கணக்கில் பதியலாம். எஸ்பி-1200-இன் 10 நொடியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்!

இப்போது எல்எம்-1-இல் சிம்பல் இல்லாத கதையை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். பழைய பெட்டிகள் "டப்" என்று விழுந்து சட்டென்று அடங்கும் அடிகளுக்காகப் பிறந்தவை. நம் மாவட்டத்துத் தோல்கருவிகள் அப்படி இல்லை. உடுக்கையின் இடைக்கயிற்றை இறுக்கித் தளர்த்தினால் ஒரே அடிக்குள் சுருதி ஏறி இறங்கும். உறுமியை வளைந்த குச்சியால் தேய்த்தால் இழுத்துக்கொண்டே போகும். பறையைத் தீயில் காய்ச்சியதும் ஒரு குரல், அரைமணி கழித்து வேறு குரல். இவற்றை ஒரே ஒரு சாம்பிளில் அடைத்தால் பொம்மைச் சத்தம்தான் வரும். மெல்ல அடித்தது, ஓங்கி அடித்தது, இழுத்தது, அடக்கியது என்று ஒரே வாத்தியத்துக்கு இருபது முப்பது பதிவாவது வேண்டும். அதற்கு இடம் வேண்டும். அந்த இடம் புதிய பெட்டியில்தான் இருக்கிறது.

நடைமுறைக் கணக்கும் உண்டு. பழைய பெட்டி கடல் கடந்து வரவேண்டும். சுங்க வரி கட்டவேண்டும். அமெரிக்க மாடல் பல 110 வோல்ட்டுக்குச் செய்தவை. நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் அன்றோடு முடிந்தது. ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம். ஃபிளாப்பி டிஸ்கை சோனி நிறுவனமே 2011-இல் கைவிட்டுவிட்டது. முப்பத்தைந்து வயது கெப்பாசிட்டர்கள் காய்ந்துபோயிருக்கும். அந்தப் பெட்டியின் ஒலி நிறத்துக்குப் பங்களித்த அசல் ஃபில்டர் சில்லுகளின் உற்பத்தி எப்போதோ நின்றுவிட்டது. சென்னை ரிச்சி தெரு முழுக்க அலைந்தாலும் கிடைப்பது கடினம். எஸ்பி-1200-ஐ அதை வடிவமைத்த டேவ் ராசமே 2021-இல் மறுபடி செய்து விற்றார். விலை ஏறக்குறைய 4,000 டாலர்.

புதிய பெட்டிகளிலோ பிட்டைக் குறைத்துக் கரகரப்பை வரவழைக்கும் வசதி உள்ளேயே இருக்கிறது. பழைய பெட்டிக்காரர்கள் இதை ஏற்கமாட்டார்கள். "அது நகல்" என்பார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. 2.5 நொடி என்ற கட்டுப்பாடு ஒரு ஒழுக்கத்தைக் கற்றுத்தந்தது. எது வேண்டும், எது வேண்டாம் என்று முடிவெடுக்க வைத்தது. ஆயிரம் ஒலிகளைச் சேர்த்துவைத்து ஒரு பாட்டையும் முடிக்காதவர்கள் இன்று ஏராளம். ஆனால் அந்த ஒழுக்கத்துக்கு மூன்று லட்சம் ரூபாய் தேவையில்லை. "இந்தப் பாட்டில் எட்டே சாம்பிள்" என்று நோட்டில் எழுதிவைத்துக்கொண்டாலே போதும்.

எனவே என் பதில்: மேற்கத்திய ஹிப்-ஹாப்பின் அதே நிறம்தான் வேண்டும், கையில் பணமும் இருக்கிறது என்றால் பழையது. நம் மண்ணின் அடியை வைத்து ஏதாவது செய்ய ஆசை என்றால் புதியது. கடன் வாங்கிப் பழையது வாங்காதீர்கள்.

ஆனால் பெட்டியைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது.

ஜேம்ஸ் பிரவுனின் 'ஃபங்கி டிரம்மர்' 1970-இல் வெளியானது. அதில் கிளைட் ஸ்டபிள்ஃபீல்ட் என்ற டிரம்ஸ் கலைஞர் சுமார் இருபது நொடி தனியே வாசிப்பார். உலகிலேயே மிக அதிகமாக வெட்டியெடுக்கப்பட்ட தாளத் துணுக்குகளில் அதுவும் ஒன்று. நூற்றுக்கணக்கான பாடல்கள் அதன்மேல் நின்றன. எத்தனையோ பேர் சம்பாதித்தார்கள். பாட்டின் உரிமை அவர் பெயரில் இல்லாததால், அதை வாசித்த கைக்கு அந்தப் பணம் போய்ச்சேரவில்லை. பணத்தைவிட, தன் பெயரைச் சொல்லாததுதான் வருத்தம் என்ற பொருளில் அவர் பேசியிருக்கிறார். 2017-இல் காலமானார்.

நம் இசையும் இப்படிப் பயணம் செய்திருக்கிறது. பிளாக் ஐட் பீஸ் குழு 2003-இல் வெளியிட்ட 'தி எலிஃபங்க் தீம்', 'ஸ்ரீ ராகவேந்திரர்' படத்தின் இளையராஜா பாடலிலிருந்து எடுத்தது. ஈழத்துப் பெற்றோருக்குப் பிறந்த மாயா, அதாவது எம்.ஐ.ஏ., 2007-இல் 'தளபதி' பாடலொன்றைத் தன் பாட்டுக்குள் கொண்டுவந்தார். தமிழ்நாட்டுக்கே வந்து உறுமி அடியையும் பதிந்துகொண்டு போனார். இளையராஜாவை உலகுக்குத் தெரியும். ஆனால் அந்தப் பாடல்களில் தோல்கருவி வாசித்தவர்கள் எத்தனை பேரின் பெயர் நமக்கே தெரியும்?

பல கோயில்களில் இப்போது பூசை நேரத்தில் மோட்டார் வைத்த முரசும் மணியும் அடிக்கின்றன. சுவிட்சைப் போட்டால் போதும். அங்கே முன்பு நின்று வாசித்தவர் எங்கே போனார் என்று யாரும் கேட்பதில்லை. சாம்ப்ளரும் அதே வேலையைச் செய்யலாம். ஆடி மாதக் கூழ் வார்த்தலில் பம்பை அடிப்பவரை ஒருமுறை பதிந்துவிட்டு, அடுத்த ஆண்டு அவரைக் கூப்பிடாமலே விட்டுவிடலாம். அல்லது அவர் அடியை உலகத்தின் காதுக்குக் கொண்டுபோகலாம். இரண்டுக்கும் ஒரே பெட்டிதான்.

ஆகவே பீட் போடும் பிள்ளைகளே, பதிவதற்கு முன் அவரிடம் எதற்கு என்று விளக்கிச் சொல்லி அனுமதி கேளுங்கள். ஒரு நாள் கச்சேரிக்கு அவர் வாங்கும் கூலியை, பதியும் நாளுக்கும் கொடுங்கள். ஒலிக்கோப்பின் பெயரிலேயே அவர் பெயரையும் ஊரையும் எழுதிவையுங்கள். பாட்டு வெளியாகும்போது உங்கள் பெயருக்குப் பக்கத்தில் அவர் பெயரும் வரட்டும். பாட்டு நாலு காசு பார்த்தால் அதில் ஒரு பங்கு அவர் வீட்டுக்கும் போகட்டும்.

உங்கள் ஊரில் பம்பை, உடுக்கை, பறை, தவில் வாசிக்கும் மூத்த கலைஞர்கள் இருந்தால், அவர்கள் சம்மதத்தோடு பின்னூட்டத்தில் எழுதுங்கள். தேடிக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு உதவும்.