கவிழும் டிராக்டரும் சுவீடனின் சட்டமும்

1917இல் வெளிவந்த ஃபோர்ட்சன் டிராக்டர் மலிவாகவும் எடை குறைந்ததாகவும் இருந்ததால் பல நாடுகளில் பரவியதெனினும், கலப்பை கல்லிலோ வேரிலோ சிக்கிப் பின்சக்கரங்கள் நின்றுவிட்டால், எஞ்சினின் விசை வண்டியின் உடலையே அச்சைச் சுற்றித் தூக்க, முன்பகுதி மேலெழுந்து ஓட்டுநர்மீது மல்லாந்து விழும் குறை அதற்கு இருந்தது. ஹாரி ஃபெர்குசன் வகுத்த மும்முனை இணைப்பு, அதாவது கலப்பையை வண்டியோடு மூன்று புள்ளிகளில் பிணைக்கும் அமைப்பு, இந்த ஆபத்தைப் பெரிதும் தணித்தது. சரிவில் பக்கவாட்டில் உருள்வதற்கோ அதனிடம் மருந்தில்லை. ஓட்டுநரைக் காக்கும் எஃகுச் சட்டகத்தை 1959இல் புதிய டிராக்டர்களுக்குக் கட்டாயமாக்கிய சுவீடன், 1981இல் பழையவற்றுக்கும் அவ்விதியை விரித்தது. இந்த இரண்டாம் படியே பெரிது. இதே சட்டகத்தைக் கோரிய அமெரிக்காவின் 1976ஆம் ஆண்டு விதியோ, அதற்கு முன் தயாரான வண்டிகளைத் தொடவில்லை.