சொல்லிசையும் செய்யுட் பாடமும்: பேராக் தமிழ்ப் பிள்ளைகளை முன்வைத்து ஒரு விசாரம்

ஹிப்ஹாப் என்னும் கலாசாரத்தைக் கல்விக்குரிய சாதனமாகக் கொள்ளலாமா என்ற விசாரம் அமெரிக்கக் கல்வித் துறையில் ஏறத்தாழக் கால் நூற்றாண்டாக நடந்துவருகிறது. ராப் எனப்படும் மலேசியத் தமிழ்ச் சொல்லிசையோ கடல் கடந்து பெயர்பெற்ற பின்னரும் நம் பள்ளிக்கூடங்களின் ஆண்டுவிழா மேடையைத் தாண்டி வகுப்பறைக்குள் பெரும்பாலும் நுழைந்ததில்லை. மேடையேறிப் பாடும் மாணவனுக்குக் கைதட்டும் நாமே, மறுநாள் அவன் அதே தாளத்தை மேசைமேல் தட்டினால் அதட்டி அமர்த்துகிறோம். பேராக் மாநிலத்துப் பழைய ரப்பர்த் தோட்டங்களின் வழிவந்த பிள்ளைகளுக்குச் சொல்லிசை மெய்யாகவே பயன்படும் என்பதும், மருந்துக்குத் தேன்போலப் பாடத்தோடு அதைக் குழைத்துத் தருவதால் அப்பயன் விளையாது என்பதும், பிள்ளை தானே செய்யுள் இயற்றப் புகும்போதுதான் விளையும் என்பதும் இக்கட்டுரையின் கட்சி.

ஹிப்ஹாப்பின் பிறப்புச் சரித்திரம் பலரும் அறிந்ததே. 1973 ஆகஸ்டு 11-ஆம் நாள் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவென்யூ 1520-ஆம் இலக்கக் கட்டடத்தில் கூல் ஹெர்க் என்பவர் நடத்திய விருந்தை அதன் தொடக்கமாகச் சொல்வது வழக்கம். இசைத்தட்டுச் சுழற்றல், சொல்லிசை, உடலாட்டம், சுவரெழுத்து என்ற நான்கு அங்கங்களோடு அறிவு என்பதை ஐந்தாவது அங்கமாக அக்கலைஞர்களே பின்னர்ச் சேர்த்துக்கொண்டார்கள். கல்வியாளருக்கு வாயில் திறந்துவிட்டது இந்த ஐந்தாம் அங்கம்தான். எர்னஸ்ட் மொரெல், ஜெஃப்ரி டங்கன் ஆண்ட்ரேட் ஆகிய இருவரும் கலிபோர்னியாவின் ஓக்லாந்து நகரப் பள்ளியொன்றில் ஆங்கிலப் பெருங்கவிஞர்களின் செய்யுள்களையும் ராப் பாடல்களையும் அருகருகே வைத்துக் கற்பித்த அநுபவத்தை 2002-இல் கட்டுரையாக வெளியிட்டனர். கொலம்பியா பல்கலைக்கழகத்துக் கிறிஸ்டோபர் எம்டின், வூ-டாங் கிளான் குழுவைச் சேர்ந்த ஜிஸா என்னும் கலைஞரோடு கூடி, 2012-ஆம் ஆண்டின் இறுதியில் நியூயார்க் நகரத்துப் பத்துப் பொதுப்பள்ளிகளில் விஞ்ஞானப் பாடத்தைச் சொல்லிசையாக எழுதவைக்கும் முயற்சியைத் தொடங்கினார்.

இவற்றுள் பின்னதைக் கண்டு தமிழர் ஆச்சரியப்பட வேண்டுவதில்லை. வைத்தியத்தையும் சோதிடத்தையும் இலக்கணத்தையும் பாட்டில் அடைத்து வைத்த சமூகம் நம்முடையது; மண்டல புருடரின் சூடாமணி நிகண்டைத் திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சிறுவர் விருத்தம் விருத்தமாக நெட்டுருப் பண்ணினர். ஆனால் அச்சிறுவருள் எத்தனை பேர் ஒரு விருத்தமேனும் தாமே எழுதத் துணிந்தனர் என்று கேட்டால், அந்தச் சம்பிரதாயத்தின் பலமும் குறையும் ஒருங்கே புலப்படும். பெருக்கல் வாய்பாட்டுக்கோ ஆத்திசூடிக்கோ முரசொலி சேர்த்து, ஆசிரியரே எழுதி ஆசிரியரே பாடிக் காட்டும் 'ராப் பாடம்' இன்று ஆங்காங்கே செய்யப்படுகிறது. அது திண்ணைப் பள்ளியின் நெட்டுருவுக்குப் புதுச்சட்டை போட்டதேயன்றி வேறன்று.

பேராக்கின் நிலைமை பிரத்தியேகமானது. 1877-இல் கோலகங்சாரில் ஹியூ லோ ஊன்றிய ரப்பர்க் கன்றுகளின் வழியே பெருகிய ஒரு தொழில், தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்களைக் கொணர்ந்து லயங்கள் என்ற தொழிலாளர் வரிசைவீடுகளில் குடிவைத்தது. பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்கவேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிற் சட்டம் விதித்தமையால் அந்த லயங்களின் ஓரத்திலே தமிழ்ப்பள்ளிகள் முளைத்தன. தோட்டத்து எழுத்தர்களாகிய கிராணிகளே வாத்தியாராக அமர்ந்த இடங்களும் அவற்றுள் உண்டு. பின்னர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. ரப்பர் நின்ற இடத்தில் செம்பனை வந்தது. வேறு சில இடங்களில் வீடமைப்பு வந்தது. 1968-ஆம் ஆண்டின் வேலை அநுமதிச் சட்டம் குடியுரிமையற்ற பலரைக் கப்பலேற்றியது. எஞ்சியோர் ஈப்போவின் பூந்தோங், சிலிபின் போன்ற பகுதிகளுக்கும் பிற நகரங்களின் விலைமலிந்த அடுக்ககங்களுக்கும் பெயர்ந்தனர். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் ஆறாண்டு தமிழ்ப்பள்ளியில் பயின்று, மலாய் மொழியைப் போதனா மொழியாகக் கொண்ட இடைநிலைப்பள்ளிக்குள் நுழைகிறார்கள். அங்கே தமிழ், வாரத்தில் சில பாடவேளைக்குரிய விஷயமாகச் சுருங்குகிறது. இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வாகிய எஸ்.பி.எம்.மில் தமிழையும் தமிழ் இலக்கியத்தையும் எடுப்பவர், எடுக்காதவர் என மாணவர் பிரிவதும் அந்தப் பருவத்தில்தான். சொல்லிசை அவர்களுடைய செவிக்குள் புகும் வயதும் அதுவே என்பது கவனிக்கத்தக்கது.

தொண்ணூறுகளில் பொயட்டிக் அம்மோ குழுவில் பெரும்பாலும் ஆங்கிலத்தில் சொல்லிசைத்துக்கொண்டிருந்த மலேசியக் கலைஞர் யோகி பி, டாக்டர் பேர்ன், எம்சி ஜெஸ் ஆகியோரோடு நட்சத்திரா என்ற பெயரில் இணைந்து 2006-இல் 'வல்லவன்' இசைத்தொகுப்பை வெளியிட்டபோது, 1980-ஆம் ஆண்டின் 'நிழல்கள்' படத்துக்கு இளையராஜா அமைத்த 'மடை திறந்து' மெட்டின்மேல் தமிழ்ச் சொல்லிசை ஏறியது. தமிழ்நாட்டு இளைஞரும் அதைத் தலைமேல் வைத்துக்கொண்டனர். ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குத் திரும்பிய இந்தத் திருப்பத்தை எந்தப் பாடத்திட்டமும் ஏவவில்லை. பெற்றோரின் வானொலியில் கேட்ட பாட்டு, தெருவில் கேட்ட தாளம் இரண்டையும் ஒன்றாக்கும் ஆசையே ஏவியது என்பது என் அபிப்பிராயம்.

இனி யாப்பு விஷயத்துக்கு வருவோம். இங்கேதான் நம் ஆசிரியர்களின் கையில் அமெரிக்க ஆசிரியருக்கு இல்லாத உபகரணம் ஒன்று இருக்கிறது. தமிழ்ப்பள்ளிப் பாடத்திட்டத்தில் செய்யுளும் மொழியணியும் ஒரு தனிக்கூறு: திருக்குறள், கொன்றை வேந்தன், உலகநீதி, பழமொழி, மரபுத்தொடர், இணைமொழி, இரட்டைக்கிளவி என்று ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே போகும் அவற்றைப் பிள்ளைகள் பொருளோடு ஒப்பித்து மதிப்பெண் வாங்குகிறார்கள். ஓசையால் பிறந்த இரட்டைக்கிளவியைக்கூட ஓசையில்லாமல் கோடிட்ட இடத்தில் நிரப்பப் பண்ணும் விநோதத்தை என்னென்பது! தொல்காப்பியர் கூறும் வண்ணங்கள் இருபதில் வல்லிசை, மெல்லிசை, உருட்டு, முடுகு என்பன வெறும் பட்டியலாகத் தோன்றுவது, அவற்றை வாயால் சொல்லிப் பாராத வரையில்தான். அருணகிரிநாதரின் சந்தங்களில் திளைத்த செவிக்கு ஒரு வேகமான சொல்லிசையின் நடை அந்நியமாகப் படுவதற்கு நியாயமே இல்லை.

ஒரு சிறு பிரயோகத்தைக் காட்டுகிறேன். சொல்லிசையின் வழக்கமான அளவு நான்கு தட்டு. நம் அளவடிக்கும் நான்கே சீர். நிமிடத்துக்குத் தொண்ணூறு தட்டு என்ற நிதானமான வேகத்தை வைத்துக்கொண்டு, மழை பெய்தால் ரப்பர் மரம் சீவிப் பாலெடுக்க முடியாமல் கூலி போகும் என்ற தோட்டத்து உண்மையை, மங்கு என்ற பால்கிண்ணத்தை வைத்து எழுதச் சொன்னால், ஒரு மாணவர் குழு இப்படித் தொடங்கலாம்:

மங்கிலே மழைநீர் நிறைந்தது காலை;
எங்களின் உலையோ குளிர்ந்தது மாலை.

ஒரு தட்டுக்கு ஒரு சீர் என்று சொல்லிப் பார்த்தால், 'நிறைந்தது' என்ற கருவிளச் சீரில் நாலெழுத்து ஓசை நெருக்கியடித்துக்கொண்டு ஓடுவதையும், 'காலை' என்ற தேமாவில் நெடில் நீண்டு தட்டை நிரப்புவதையும் பிள்ளையின் நாவே உணரும். குறில் நெடில் பேதத்துக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் கரும்பலகையில் கிடையாது. மங், எங் என்ற எதுகையும் காலை, மாலை என்ற இயைபும் அமைந்திருக்கின்றன. ஆங்கிலச் சொல்லிசைக்கு இறுதி ஒலி ஒன்றுதலே பெரும் பிடிமானமாக இருக்க, நமக்கு அடியின் முதலிலும் ஒரு பிடிமானம் உண்டு என்பதை மாணவர் இங்கே கண்டுகொள்வர். முதலடியில் மகர மோனை இருக்கிறது, இரண்டாமடியில் மோனை இல்லை. எகரத்தோடு மோனையாகும் இகரச் சொல்லொன்றைத் தேடி அந்த அடியைத் திருத்துவது அடுத்த பாடவேளைக்கு உரிய வேலை. இப்படித் திருத்த உட்காரும் பிள்ளை அசை பிரிக்கிறான். தான் அசை பிரிக்கிறோம் என்ற பயம் மட்டும் அவனுக்கு இல்லை.

பாடுபொருளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2021-இல் வெளியான 'எஞ்சாயி எஞ்சாமி' என்ற பாட்டுக்கு, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தம் பாட்டியாரின் வாழ்க்கையே கருவென்று அதை எழுதிய அறிவு என்ற சொல்லிசைக் கலைஞர் கூறியிருக்கிறார். பேராக்குப் பிள்ளைகளுக்கும் அப்படிப்பட்ட பாட்டிமார் உண்டு. பெரட்டு, கிராணி, மங்கு, ஒட்டுப்பால், காண்டா, ஆயாக்கொட்டகை என்ற தோட்டத்துச் சொற்களை அவர்களிடம் கேட்டு எழுதி வந்து, ஒவ்வொன்றும் எந்த நேரத்து எந்த வேலையைக் குறித்தது என்று விசாரித்தறிந்த பிறகே பாட்டெழுத அமரவேண்டும் என்று விதித்தால், ஹிப்ஹாப்பின் ஐந்தாம் அங்கமாகிய அறிவு நம் வகுப்பில் சரித்திரப் பாடமாகவும் வேலைசெய்யும். பிராங்ஸ் பகுதியின் கைவீச்சையும் கழுத்துச் சங்கிலியையும் அப்படியே இறக்குமதி செய்வது இதற்கு அவசியமே அன்று.

ஆட்சேபங்கள் இல்லாமல் இல்லை. கொச்சைத் தமிழும் கலப்புத் தமிழும் வகுப்பேறும் என்பார் உளர். பாட்டில் பேச்சுவழக்கை நாட்டுப்பாடல்களுக்கு அநுமதித்த நாம் சொல்லிசைக்கு மறுப்பது பாரபட்சம். ஆயினும் ஆட்சேபத்தில் பாதி நியாயம் உண்டு, ஏனெனில் சந்தியும் ணகர னகர பேதமும் கட்டுரை நடையும் சொல்லிசையால் தாமே வந்துவிடா. அவற்றுக்குரிய பாடவேளையைக் குறைத்து இதற்கு இடங்கொடுப்பதை நான் ஆதரிக்கமாட்டேன். குண்டர் கும்பல் பற்றிய அச்சம் இன்னும் கனமானது. 2013-இல் உள்துறை அமைச்சு சட்டவிரோதக் கும்பல்களின் பட்டியலை வெளியிட்ட நாட்டில், கும்பல்களின் அடையாள எண்களையும் கத்திகளையும் பெருமைப்படுத்தும் பாட்டுகள் இளைஞரிடையே உலவுவதைக் கண்டு பெற்றோர் அஞ்சுவது இயல்பே. ஆனால் சஞ்சய் குமார் பெருமாள் 2015-இல் எடுத்த 'ஜகாட்' திரைப்படத்தில் வரும் அப்போய் என்ற சிறுவனை எண்ணிப் பார்க்கவேண்டும்: கற்பனையும் துடுக்கும் நிறைந்த அப்பிள்ளையை அடித்தே படிக்கவைக்க முயலும் வீடும் பள்ளியும் சேர்ந்து எந்தப் பக்கம் தள்ளுகின்றன என்பதே அப்படத்தின் கதை. தெருவில் அவனுடைய சொல்லுக்கு மதிப்பு இருந்து, வகுப்பில் இல்லாமற்போனால், அவன் தெருவையே தேர்வான்.

என்னை உண்மையில் கவலைகொள்ளச் செய்வது வேறொன்று. பள்ளி எதைத் தொட்டாலும் போட்டியாக்கிவிடும் ஸ்வபாவம் உடையது. மாவட்ட அளவு, மாநில அளவு என்று சொல்லிசைப் போட்டி வைத்து, ஆசிரியர் எழுதித் தந்த அடிகளைக் குரல்வளம் உள்ள ஒரு பிள்ளை ஒப்பித்துக் கோப்பை வாங்கும் நாள் வந்துவிட்டால், மற்ற பிள்ளைகளுக்குப் பழைய நெட்டுருவே மிஞ்சும். ஆகவே மதிப்பீட்டில் மேடைப் பாங்குக்கு இடமே தரலாகாது. முதற்படி, திருத்தப்படி, இறுதிப்படி என்ற மூன்றையும் வாங்கி, எந்த அடியை ஏன் மாற்றினாய் என்று கேட்டு அதற்கே மதிப்பெண் தரவேண்டும். பாட வெட்கப்படும் பிள்ளை எழுதட்டும், தாளமிடட்டும், சுவரெழுத்தாகத் தமிழெழுத்தை வரையட்டும். இதற்கு ஆசிரியர் முதலில் பழகவேண்டும். 1922-இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தோன்றி, இன்று தஞ்சோங் மாலிமில் தமிழ்க் கல்விப் பட்டதாரிகளையும் உருவாக்கும் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம் பேராக் மண்ணிலேயே இருக்கிறது; அங்கே யாப்பிலக்கணம் பயிலும் வருங்கால ஆசிரியர் ஒவ்வொருவரும் தேர்வுத்தாளில் அலகிட்டுக் காட்டுவதோடு, நான்கு தட்டில் பதினாறு அடி தாமே எழுதி, சக மாணவர்முன் சொல்லிக் காட்டித் திருத்தம் வாங்கும்படி ஒரு பணியைச் சேர்ப்பதற்குப் புதிய கட்டடமோ பெருஞ்செலவோ தேவைப்படாது.