ஜனாதிபதியால் எதைச் செய்ய முடியும்? எதைச் செய்ய முடியாது?

ஜனாதிபதித் தேர்தல் வரும்போதெல்லாம் நமது ஊர்களில் எழும் கேள்வி "நமக்கு நல்லவர் யார்?" என்பதுதான். அந்தப் பதவிக்கு அரசியலமைப்பு என்ன அதிகாரத்தைக் கொடுத்திருக்கிறது, அது தவறாகப் பயன்படுத்தப்பட்டால் எங்கே முறையிடலாம் என்ற கேள்விகள் அரிதாகவே கேட்கப்படுகின்றன. கடந்த சில ஆண்டுகளின் அனுபவத்தைப் பார்த்தால், இந்த இரண்டாவது கேள்வியே சிறுபான்மைச் சமூகமொன்றுக்கு அதிகம் பயன்தரக் கூடியது.

பதவி உருவான விதம்

1972ஆம் ஆண்டுக் குடியரசு யாப்பின் கீழ் ஜனாதிபதியாக இருந்த வில்லியம் கோபல்லாவ பெயரளவிலான அரச தலைவரே. உண்மையான அதிகாரம் பிரதமரிடம் இருந்தது. 1978 பெப்ரவரி 4ஆம் திகதி ஜே.ஆர். ஜயவர்தன நிறைவேற்று அதிகாரமுள்ள முதலாவது ஜனாதிபதியாகப் பதவியேற்றதுடன் நிலைமை மாறியது. அதே ஆண்டு செப்டெம்பரில் இன்றைய யாப்பு நடைமுறைக்கு வந்தது.

இந்த யாப்பின் 30ஆவது உறுப்புரை நான்கு பொறுப்புகளை ஒருவரிடமே ஒப்படைக்கிறது. அரச தலைவர், நிறைவேற்றுத்துறையின் தலைவர், அரசாங்கத்தின் தலைவர், முப்படைகளின் தளபதி ஆகிய நால்வரும் அவரே. ஆரம்பத்தில் ஆறு ஆண்டுகளாக இருந்த பதவிக்காலம் 2015இல் 19ஆவது திருத்தத்தினால் ஐந்து ஆண்டுகளாகக் குறைக்கப்பட்டது. ஒருவர் இரு தடவைகள் மட்டுமே மக்களால் தெரிவு செய்யப்படலாம்.

நியமனங்கள்

பிரதம நீதியரசர், உயர் நீதிமன்ற நீதியரசர்கள், சட்டமா அதிபர், பொலிஸ்மா அதிபர் ஆகியோரை ஜனாதிபதியே நியமிக்கிறார். ஆனால் இதற்கு அரசியலமைப்புப் பேரவையின் அங்கீகாரம் தேவை. 2001இல் 17ஆவது திருத்தம் உருவாக்கிய இந்தப் பேரவையை 2010இல் 18ஆவது திருத்தம் நீக்கியது. 2015இல் மீண்டும் வந்தது. 2020இல் 20ஆவது திருத்தம் அதை வெறும் ஆலோசனைச் சபையாக்கியது. 2022 ஒக்டோபரில் 21ஆவது திருத்தம் திரும்பவும் கொண்டுவந்தது. சபாநாயகர் தலைமையிலான பத்துப் பேரில் மூவர் பாராளுமன்றத்துக்கு வெளியில் இருந்து வருபவர்கள்.

பாராளுமன்றத்தைக் கலைத்தல்

தற்போதைய ஏற்பாட்டின்படி, பாராளுமன்றம் தானே தீர்மானம் நிறைவேற்றிக் கேட்டாலன்றி, முதல் இரண்டரை ஆண்டுகளுக்குள் அதை ஜனாதிபதியால் கலைக்க முடியாது. 2018இல் இந்தக் காலம் நான்கரை ஆண்டுகளாக இருந்தது. அப்படியிருந்தும் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அவ்வாண்டு நவம்பர் 9ஆம் திகதி பாராளுமன்றத்தைக் கலைத்தார். டிசம்பர் 13ஆம் திகதி ஏழு நீதியரசர்கள் கொண்ட உயர் நீதிமன்ற ஆயம் அது அரசியலமைப்புக்கு முரணானது என ஏகமனதாகத் தீர்ப்பளித்தது.

அவசரகால நிலை

நமது சமூகத்தின் அன்றாட வாழ்வை நேரடியாகத் தொட்ட அதிகாரம் இது. பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் ஜனாதிபதி அவசரகால நிலையைப் பிரகடனம் செய்யலாம். அதன் கீழ் இயற்றப்படும் ஒழுங்குவிதிகள் அரசியலமைப்பைத் தவிர வேறெந்தச் சட்டத்தையும் மேவி நிற்கும். ஆனால் பாராளுமன்றம் அங்கீகரிக்காவிட்டால் பிரகடனம் 14 நாட்களில் காலாவதியாகும். அங்கீகரித்தாலும் மாதந்தோறும் புதுப்பிக்க வேண்டும்.

உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பின்னர், 2019 ஏப்ரல் 29ஆம் திகதி முதல் முகத்தை மூடுவது தடை செய்யப்பட்டது இந்த அதிகாரத்தின் மூலமே. அந்த விதி ஹபாயாவையோ பர்தாவையோ தடை செய்யவில்லை. ஆயினும் அவற்றை அணிந்த பெண்களும் பல இடங்களில் திருப்பி அனுப்பப்பட்டனர். ஓகஸ்ட் மாதத்தில் அவசரகால நிலை நீடிக்கப்படாமல் விடப்பட்டதும் அந்த விதியும் செயலிழந்தது. விதியின் வாசகமும் அதன் ஆயுளும் தெரிந்திருந்தால், அந்த மாதங்களில் நமது பெண்கள் வாசலில் நின்று வாதாடுவதற்கு ஏதாவது இருந்திருக்கும்.

அவசரகாலப் பிரகடனமும் நீதிமன்றப் பரிசீலனைக்கு அப்பாற்பட்டதல்ல. 2022 ஜூலையில் பதில் ஜனாதிபதியாக இருந்த ரணில் விக்கிரமசிங்க பிறப்பித்த பிரகடனம் அடிப்படை உரிமைகளை மீறியதாக உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் பெரும்பான்மைத் தீர்ப்பு வழங்கியது.

பொதுமன்னிப்பு

34ஆவது உறுப்புரையின்படி ஜனாதிபதி குற்றவாளிகளுக்கு மன்னிப்பு வழங்கலாம், தண்டனையைக் குறைக்கலாம். மரண தண்டனைக் கைதியாயின் வழக்கை விசாரித்த நீதிபதியின் அறிக்கை, சட்டமா அதிபரின் ஆலோசனை, நீதி அமைச்சரின் சிபாரிசு ஆகியன பெறப்பட வேண்டும். நீதிமன்ற அவமதிப்புக்காக ஆறு ஆண்டுச் சிறைத்தண்டனை அனுபவித்துவந்த ஞானசார தேரர் 2019 மே மாதம் இந்த அதிகாரத்தின் மூலமே விடுவிக்கப்பட்டார்.

எனினும் மன்னிப்பும் ஜனாதிபதியின் தனிப்பட்ட விருப்பம் அல்ல. கொலைக் குற்றத்துக்காக மரண தண்டனை பெற்ற துமிந்த சில்வாவுக்கு கோட்டாபய ராஜபக்ஷ 2021இல் வழங்கிய மன்னிப்பை உயர் நீதிமன்றம் 2024 ஜனவரியில் இரத்துச் செய்தது. றோயல் பார்க் கொலை வழக்கின் குற்றவாளிக்கு மைத்திரிபால சிறிசேன வழங்கிய மன்னிப்பும் அதே ஆண்டில் இரத்தாகியது.

விடுபாட்டுரிமை

பதவியில் இருக்கும்போது ஜனாதிபதிக்கு எதிராக சிவில் வழக்கோ குற்றவியல் வழக்கோ தொடர முடியாது என்கிறது 35ஆவது உறுப்புரை. பலருக்கும் தெரியாதது இதற்கு அடுத்த பகுதி. ஜனாதிபதி தனது உத்தியோகபூர்வ கடமையில் செய்த அல்லது செய்யத் தவறிய ஒன்றுக்காக, சட்டமா அதிபரைப் பிரதிவாதியாக்கி எவரும் அடிப்படை உரிமை மனு தாக்கல் செய்யலாம். 2020இல் இந்த வாசகத்தை நீக்க முயன்றபோது, அதற்குச் சர்வஜன வாக்கெடுப்பு அவசியம் என உயர் நீதிமன்றம் கூறியதால் அது தப்பியது.

பதவி முடிந்ததும் இந்தப் பாதுகாப்பும் முடிகிறது. உயிர்த்த ஞாயிறு தாக்குதலைத் தடுக்கத் தவறியமைக்காக முன்னாள் ஜனாதிபதி சிறிசேன 100 மில்லியன் ரூபா நட்டஈடு செலுத்த வேண்டும் என 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

பதவி நீக்கம்

225 உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர், அதாவது 150 பேர் ஆதரித்து, உயர் நீதிமன்றம் விசாரித்துக் குற்றம் உறுதியாகி, மீண்டும் 150 பேர் வாக்களித்தால் மட்டுமே ஒரு ஜனாதிபதியை நீக்க முடியும். 1991இல் ஜனாதிபதி பிரேமதாசவுக்கு எதிரான குற்றப்பிரேரணை அப்போதைய சபாநாயகர் எம்.எச். முஹம்மதிடமே கையளிக்கப்பட்டது. முதலில் ஏற்ற அவர், பின்னர் கையொப்பங்கள் போதாது என நிராகரித்தார். இதுவரை எந்த ஜனாதிபதியும் இவ்வழியில் நீக்கப்படவில்லை. கோட்டாபய 2022இல் தாமாகவே இராஜினாமாச் செய்தார்.

நாம் கவனிக்க வேண்டியது

நீதிமன்றம் எப்போதும் கைகொடுக்கும் என்று சொல்ல முடியாது. ஜனாஸாக்களை எரிப்பதைக் கட்டாயமாக்கிய 2020 ஏப்ரல் 11ஆம் திகதி வர்த்தமானி ஜனாதிபதியுடையதல்ல, சுகாதார அமைச்சருடையது. அதற்கு எதிரான மனுக்களை விசாரணைக்கு எடுக்க உயர் நீதிமன்றம் அவ்வாண்டு டிசம்பரில் மறுத்தது. 2021 பெப்ரவரி இறுதியில்தான் அடக்கம் செய்ய அனுமதி கிடைத்தது. ஆயினும் மனு என்ற வழி இல்லாதிருந்தால் மேலே சொன்ன தீர்ப்புகளில் ஒன்றுகூட வந்திருக்காது. அடிப்படை உரிமை மனுவை உரிமை மீறப்பட்டு ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

1988இல் மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரஃப் பிரேமதாசவிடம் கேட்டுப் பெற்றது ஒரு அமைச்சுப் பதவியை அல்ல. பாராளுமன்ற ஆசனத்துக்கான வெட்டுப்புள்ளி 12.5 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக, 15ஆவது திருத்தத்தின் மூலம் யாப்பிலேயே குறைக்கப்பட்டது. அது இன்றும் இருக்கிறது. தேர்தல் மேடைகளில் தனிநபர்கள் நமக்குத் தந்த வாக்குறுதிகளில் பெரும்பாலானவை அந்தத் தேர்தலுடனேயே முடிந்துவிட்டன.

நிறைவேற்று அதிகார முறையை ஒழிப்பதாக 1994 முதல் பல வேட்பாளர்கள் சொல்லி வந்துள்ளனர். 2024இல் வென்ற தரப்பும் சொல்லியிருக்கிறது. புதிய யாப்பு வரைவு மேசைக்கு வரும் நாளில், ஜனாதிபதிப் பதவி இருக்க வேண்டுமா வேண்டாமா என்று மட்டும் நாம் விவாதித்தால் போதாது. அவசரகாலம், மன்னிப்பு, நியமனம் ஆகிய அதிகாரங்கள் யாரிடம் போகின்றன, யாருடைய சம்மதத்துடன் பயன்படுத்தப்படும், எந்த நீதிமன்றத்தில் கேள்விக்குட்படுத்தலாம் என்ற மூன்றையும் ஒவ்வொரு உறுப்புரையிலும் தேடிப் பார்க்க வேண்டும். நமது சட்டத்தரணிகளும் உலமாக்களும் சிவில் அமைப்புகளும் அந்த வாசிப்பை இப்போதே தொடங்குவது நல்லது.