கப்பல் தேர்ந்தெடுத்த செடி

மேசை மேல் கையடக்கத் தொட்டியில் வைக்கும் ஹாவொர்தியா போன்ற சதைப்பற்றுச் செடிகள் இக்கால அலங்கார மோகத்தில் வீட்டுக்குள் வந்தவை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அவற்றை முதலில் பொறுக்கி எடுத்தது பாய்மரக் கப்பல். 1652இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி நன்னம்பிக்கை முனையில் ஒரு தங்குதுறையை அமைத்தது. பத்தாவியாவிலிருந்து (இன்றைய ஜகார்த்தா) ஹாலந்து திரும்பும் கப்பல்கள் அங்கே குடிநீரும் காய்கறியும் ஏற்றிக்கொண்டன. கூடவே ஆம்ஸ்டர்டாம் மூலிகைத் தோட்டத்துக்கான செடிகளும் ஏறின. அதற்குப் பிறகும் மாதக்கணக்கான பயணம் மிச்சம் இருந்தது. மாலுமிக்கே தண்ணீரை அளந்து கொடுக்கும் கப்பலில் செடிக்கு யார் ஊற்றுவது? மெல்லிய இலைச்செடிகள் உப்புக்காற்றில் கருகின. கற்றாழைக் குடும்பத்துச் செடிகளோ வேர் காய்ந்து, இலை சுருங்கி, ஆனாலும் உயிரோடு கரையிறங்கின.

தென்னாப்பிரிக்காவின் கரூ வறள்நிலத்தில் இவ்வகைச் செடிகள் ஏராளம், அதனால்தான் ஏராளமாக வந்தன, இதில் கப்பலுக்கு என்ன பங்கு என்று கேட்கலாம். அதே கப்பல்கள் ஆசியாவின் செழித்த காடுகளைத் தொட்டுத்தான் வந்தன. அங்கிருந்து ஏற்றிய செடிகளில் பெரும்பாலானவை வழியிலேயே மடிந்தன. லண்டன் மருத்துவர் நதானியேல் வார்டு செடிகளுக்காக வடிவமைத்த மூடிய கண்ணாடிப் பெட்டி 1833இல் சிட்னிக்குக் கடல் கடந்து போய்த் தன்னை நிரூபிக்கும்வரை அந்த நிலை பெரிதாக மாறவில்லை. கற்றாழையை மருந்துக்காகத்தான் கொண்டுபோனார்கள் என்பது இன்னொரு வாதம். பெரிய கற்றாழைக்கு அது பொருந்தும். உள்ளங்கை அகலமே உள்ள ஹாவொர்தியாவிலிருந்து எந்த மருந்துக்கடைக்காரர் சாறு எடுத்தார்? அவை தொட்டியில் நிலைத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. மற்றச் செடிகளைத் தாளுக்கிடையில் அழுத்தி உலர்த்தி வைத்து ஆராயலாம். இவை உலராமல் அழுகிவிடும். 1716இல் ஆங்கிலேயத் தாவரவியலாளர் ரிச்சர்ட் பிராட்லி இவற்றுக்கென்றே ஒரு நூல் வரிசையைத் தொடங்கியபோது, உலர்த்தி வைக்க முடியாத செடிகள் என்று முகப்பிலேயே அச்சிட்டார். ஆராய வேண்டுமானால் உயிரோடு வளர்த்தாக வேண்டும். லண்டன் செல்சியில் தன் சொந்தச் செலவில் இவற்றை வளர்த்து 1812இல் நூல் எழுதிய ஏட்ரியன் ஹாவொர்த்தின் பெயரைத்தான் அந்தச் சிறுசெடி இன்றும் சுமக்கிறது.

அந்தக் கப்பலின் பட்டினிதான் இன்றைய பராமரிப்புக்கும் இலக்கணம். மண் அடிவரை காய்ந்த பிறகு நன்றாக நனைத்து, மிச்ச நீரை வடியவிட வேண்டும். தாகத்தில் மெலிந்த இலை தண்ணீர் கண்டதும் சில நாளில் உப்பிவிடும். தண்ணீர் மிஞ்சினால் அடி இலை கண்ணாடிபோல் மாறி, தொட்டதும் கையோடு வந்துவிடும், அதை மீட்க முடியாது. பாலைவனச் செடிக்கு வீட்டு நிழல் எப்படிப் போதும் என்ற சந்தேகம் நியாயமானது. கள்ளிகள் பலவற்றுக்குப் போதாதுதான். ஹாவொர்தியாக்கள் பெரும்பாலும் புதரடியிலும் பாறையிடுக்கிலும் வளர்பவை என்பதால் காலை வெயில் படும் ஜன்னலே அவற்றுக்குப் போதும்.

இந்தத் தாக்குப்பிடிப்பின் ரகசியத்துக்குத் துப்புக் கொடுத்தவர்களில் ஒருவர் தரங்கம்பாடிக்கு மிஷனரியாக வந்து, பின்னர் சென்னையில் ஆங்கிலக் கம்பெனியின் தாவரவியலாளரான பெஞ்சமின் ஹெய்ன். இதே சதைப்பற்று வகையான ரணகள்ளியின் இலையை மென்று பார்த்தார்: காலையில் புளிப்பு, நண்பகலில் சப்பென்று, மாலையில் லேசான கசப்பு. லண்டன் லின்னேயன் சங்கம் 1815இல் இதை வெளியிட்டது. இவ்வகைச் செடிகள் நீர் ஆவியாகாதபடி பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு, இரவில் திறந்து கரியமில வாயுவை அமிலமாகச் சேமிக்கின்றன என்பது பின்னால் விளங்கியது. மறுநாள் வெளிச்சத்தில் அந்த அமிலம் செலவாகிறது, புளிப்பும் போகிறது.

பிடுங்கிப் பெட்டியில் அடைத்தாலும் வாரக்கணக்கில் சாகாத அதே குணம் இன்று கள்ளக்கடத்தலுக்கும் உதவுகிறது. 2020 ஊரடங்கில் வீட்டுச்செடி மோகம் கூடிய பிறகு, கரூவின் பாறைகளிலிருந்து கோனோபைட்டம் என்னும் சின்னஞ்சிறு சதைப்பற்றுச் செடிகளைப் பெயர்த்துத் தபால் பொட்டலங்களில் வெளிநாட்டுக்கு அனுப்பும் திருட்டு பெருகியிருக்கிறது. அவற்றில் சில ஒரே ஒரு குன்றில் மட்டும் வளர்பவை.